துண்டில் பிழைப்பவை: கண்ணாடித் தொட்டிப் பவளமும் வன்னிக் குளத்துச் சல்வீனியாவும்

கடல்நீர்த் தொட்டியொன்றில் பாறை முழுவதும் படர்ந்துவிட்ட மென்பவளத்தையும், வவுனியா நகரக் குளங்களைக் கரையிலிருந்து மூடிக்கொண்டு வரும் சல்வீனியாவையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். ஒன்று விலங்கு, மற்றது பன்னத் தாவரம். ஒன்று உப்புநீரில் வாழ்வது. மற்றது நன்னீரில் மிதப்பது. ஒன்று பிடிக்கும் இடம் ஒரு மேசையளவு. மற்றது பிடிப்பது ஏக்கர்க் கணக்கில். ஆனாலும் இரண்டையும் கட்டுப்படுத்தப் புறப்பட்டவர்கள் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். எல்லாம் பிடுங்கியாயிற்று என்று கைகழுவிய பிறகு, விடுபட்ட ஒரு துண்டிலிருந்து எல்லாம் மறுபடி தொடங்குகிறது.

வன்னியில் பவளத் தொட்டி வைத்திருப்பவரைக் காண்பது அரிது. நம் கடலில் உயிருள்ள முருகைக்கல்லை உடைத்து எடுத்து வரவும் முடியாது. தாவர விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதைத் தடுக்கிறது. முருகைக்கல் அகழ்வைத் தடுக்க 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தமும் இருக்கின்றன. இந்தத் தொட்டிகளை வைத்திருப்பவர்கள் கனடாவிலும் லண்டனிலும் நோர்வேயிலும் வாழும் நம் பிள்ளைகள். அவர்களில் ஒருவன் என் அக்காவின் மகன், ஸ்காபரோவில் இருக்கிறான். தொட்டியின் படங்களை அவன் அனுப்பும்போதெல்லாம் நான் குளத்தை நினைத்துக்கொள்வேன். குளக்கட்டில் வளர்ந்தவனுக்கு வேறு எதை நினைக்கத் தோன்றும்?

முதலில் தொட்டியைப் பார்ப்போம். பவளத் தொட்டி வைக்கத் தொடங்குகிறவர்களுக்குக் கடைக்காரர்கள் முதலில் கொடுப்பது சாகாத இனங்களைத்தான். அவற்றில் இரண்டு எங்கும் பரவிவிட்டன. ஒன்று கிரீன் ஸ்டார் பொலிப், மற்றது ஸெனியா. இரண்டும் எட்டுக் கைகள் கொண்ட மென்பவளங்கள். கல்லாலான எலும்புக்கூட்டை இவை கட்டுவதில்லை. கட்டுமானத்துக்குச் செலவிட வேண்டிய சக்தி மிச்சப்படுவதால் அக்ரோபோரா, மொண்டிபோரா போன்ற கற்பவளங்கள் விரலளவு வளர்வதற்குள் இவை பாறையைச் சுற்றி வளைத்துவிடுகின்றன.

கிரீன் ஸ்டார் பொலிப்பின் அடிப்பாகம் ஊதா நிறத் தோல். அந்தத் தோல் பாறையோடு ஒட்டி ஊர்ந்து செல்கிறது. அதன் மேல் பச்சைப் பூக்கள் ஆயிரக்கணக்கில் நீரோட்டத்தில் அசைந்துகொண்டிருக்கும். விரலால் தொட்டால் பூக்கள் எல்லாம் உள்ளே போய்விடும். வெறும் ஊதாத் தோல் மட்டும் கிடக்கும். தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் அது ஏறியிருந்தால் கவலையில்லை. சவர அலகை அடியில் கொடுத்துத் தள்ளினால் ஈரமான பாய் உரிவதுபோல ஒரே படலமாகக் கையில் வரும். சிக்கல் பாறையில்தான். தொட்டிக்குப் போடும் பாறை துவாரங்கள் நிறைந்தது. மேலே தெரிவதை உரித்து எடுத்தாலும் துவாரத்துக்குள் இறங்கிய ஊதாத் தோல் அங்கேயே தங்கிவிடுகிறது. சில வாரங்களில் அந்த ஓட்டையின் வாயில் ஒரு பச்சைப் பூ எட்டிப் பார்க்கும்.

ஸெனியாவின் வழி வேறு. அதற்குத் தண்டு உண்டு. தண்டின் தலையில் இறகு போன்ற கைகள் விரிந்து மூடி விரிந்து மூடித் துடித்துக்கொண்டே இருக்கும். அந்தத் துடிப்பு வெறும் அழகுக்கல்ல. செங்கடலில் ஸெனியாவின் நெருங்கிய உறவினம் ஒன்றை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வொன்று, துடிப்பு அதைச் சுற்றியுள்ள நீரைக் கலக்கி, அதன் உடலுக்குள் வாழும் பாசியின் ஒளிச்சேர்க்கையைப் பன்மடங்கு கூட்டுகிறது என்று காட்டியது. பக்கத்துப் பாறையில் சாய்ந்தால் அங்கே ஒரு பாதம் ஊன்றும். பிறகு இரண்டாகப் பிரியும். இப்படியே அது நடந்து போகிறது. தண்டைப் பிடித்து இழுத்தால் எளிதாகக் கையோடு வந்துவிடும். ஆனால் பாறையில் ஒட்டிய பாதத்தின் ஒரு சிறு கீற்று நிற்கும். கையிலிருந்து நழுவிய துண்டு நீரோட்டத்தில் போய், கைக்கு எட்டாத பின்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இவை பக்கத்திலுள்ள கற்பவளத்தின் மேல் ஏறி வெளிச்சத்தை மறைக்கின்றன. மென்பவளங்கள் பல தம் உடலிலிருந்து டெர்பீன் வகைச் சேர்மங்களை நீரில் கசியவிட்டு அயலானின் வளர்ச்சியையே தடுக்கின்றன. கடலில் அந்தச் சேர்மம் அலையோடு போய்விடும். நூறு கலன் தண்ணீருக்குள் அது எங்கே போகும்? அதனால்தான் தொட்டிக்காரர்கள் கரித்தூளால் நீரை வடிகட்டி, வாரந்தோறும் ஒரு பங்கு நீரை மாற்றுகிறார்கள்.

இனிக் குளத்துக்கு வருவோம். சல்வீனியா நமக்குச் சொந்தமானதல்ல. பிரேசிலின் தென்கிழக்குப் பகுதி அதன் தாயகம். கொழும்பில் பல்கலைக்கழகத் தாவரவியல் துறை கற்பித்தலுக்காக 1939இல் கொண்டுவந்த செடி, அங்கிருந்து தப்பி நாட்டின் நீர்நிலைகளுக்குப் போனது. அதற்கு முன்பே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பூவின் அழகுக்காக வந்தது ஆகாயத்தாமரை. அது எவ்வளவு வேகமாக ஊரைப் பிடித்தது என்பதற்கு ஒரு சட்டமே சாட்சி: அந்த ஒரே செடிக்காக 1909இல் ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. வன்னிக்கு மூன்றாவது வந்தேறி ஒன்றும் உண்டு. 1990களின் இறுதியில் வவுனியாவில் பதிவாகி, வயல்வரம்புகளையும் வீதியோரங்களையும் பிடித்த பார்த்தீனியம் அது. அது தரையில் வளர்வது என்பதால் இந்தக் கட்டுரையில் அதை விட்டுவிடுகிறேன்.

சல்வீனியாவைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் இலையை நீரில் அமுக்கினால் வெள்ளி மின்ன மேலே வரும். இலையில் ஒரு துளி ஈரம் இராது. இலைப்பரப்பில் நெருக்கமாக நிற்கும் மயிர்கள் ஒவ்வொன்றும் நாலாகப் பிரிந்து நுனியில் மறுபடி கூடிக் கூடு கட்டியிருக்கின்றன. காற்று அந்தக் கூட்டுக்குள் சிறைப்படுகிறது. அதனால் செடி மூழ்குவதில்லை. கணுவொன்றுக்கு மூன்று இலைகள். இரண்டு மிதக்கும், மூன்றாவது நார்நாராகப் பிரிந்து வேர்போலத் தொங்கும். வித்திகளால் இது பெருகாது, அவை மலடு. இந்தப் பரவல் முழுவதும் முறிந்த துண்டுகளால் வந்தது. வசதியான நீரில் சில நாட்களிலேயே பரப்பு இரட்டிப்பாகும். ஆபிரிக்காவில் 1959இல் கட்டி முடிந்த கரீபா அணையின் ஏரியில், 1962 அளவில் ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீற்றரை இந்தச் செடி மூடியிருந்தது.

மலட்டுச் செடியொன்று ஆயிரம் சதுர கிலோமீற்றரைப் பிடித்தது என்றால், அதன் பலம் துண்டில்தான் இருக்கிறது. கிரீன் ஸ்டார் பொலிப்பின் பலமும் அங்கேதான். ஆகவே இவற்றைப் பிடுங்குகிறவர் தெரியாமலே நடுகிறவராகவும் ஆகிறார்.

சென்ற ஆண்டு மருமகன் தொட்டியைத் துப்புரவாக்கிக்கொண்டே கைத்தொலைபேசியில் பேசினான்.

"மாமா, ஒரு பக்கத்தால உரிச்சுக்கொண்டு போக மற்றப் பக்கத்தால முளைக்குது."

"மோட்டரை நிப்பாட்டிப்போட்டோ உரிக்கிறாய்?"

"இல்லை மாமா, ஏன்?"

"துருசைத் திறந்து வைச்சுக்கொண்டு ஆராவது சல்வீனியா வாருவினமோ, தம்பி?"

அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. நீரை ஓட்டும் மோட்டர்கள் சுழன்றுகொண்டிருக்க உரித்தால் ஒவ்வொரு துணுக்கும் தொட்டியின் நாலு மூலைக்கும் போகும். அனுபவம் உள்ளவர்கள் மோட்டரை நிறுத்தி, உரிக்கும் இடத்தருகே ஒரு மெல்லிய குழாயைப் பிடித்து, விழும் துணுக்குகளை நீரோடு உறிஞ்சி வெளியே வாளியில் விடுவார்கள். இன்னும் நல்ல வழி, பாறையையே வெளியே எடுத்து அங்கே வைத்து உரிப்பது. பாறை சிறியதாக இருந்தால் அதையே தூக்கி வெயிலில் நாட்கணக்கில் காயப்போட்டுவிடலாம். துவாரத்துக்குள் ஒளிந்த ஊதாத் தோலுக்கு வேறு முடிவு கிடையாது.

குளத்தில் பாறையைத் தூக்க முடியாது. ஆனால் குளமே தானாகத் தண்ணீரை இறக்கித் தரும் ஒரு காலம் நமக்கு உண்டு. சிறுபோகத்துக்குத் தண்ணீர் விட்டு முடிந்து, ஆவணி புரட்டாதியில் குளம் அடிமட்டத்துக்குப் போகும்போது சல்வீனியா சேற்றில் தட்டி வெயிலில் வாடுகிறது. அதுதான் வாரும் காலம். சேற்றில் கிடப்பது எங்கும் மிதந்து போகாது, துண்டாகினாலும் காயும். ஆனால் நம் சிரமதானங்கள் பலவும் மாரி தொடங்கிக் குளம் நிறைந்து, செடி கண்ணை உறுத்தும்போதுதான் நடக்கின்றன. இளைஞர்கள் இடுப்பளவு நீரில் இறங்கி வாருகிறார்கள். பெக்கோ இயந்திரம் கரையிலிருந்து அள்ளுகிறது. அவர்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளின் மனம் பெரியது. ஆனால் நிறைகுளத்தில் அள்ளும் ஒவ்வொரு அள்ளலும் நூறு துண்டுகளை நீரில் விட்டுப் போகிறது. பத்தாவது நாள் வான் பாய்ந்தால் அவை கீழ்க்குளத்துக்குப் போய்விடும்.

வாரியதை எங்கே போடுவது என்பதும் இரண்டிடத்திலும் ஒரே கேள்விதான். குளக்கட்டின் உட்சரிவில் குவித்தால் அடுத்த மழை அதைத் திருப்பிக் குளத்துக்கே இறக்கும். கட்டுக்கு வெளியே, நீரோட்டம் திரும்பி வராத மேட்டில் குவித்து மட்கவிட வேண்டும். தொட்டியில் உரித்த பவளத்தைக் கழிவறையில் ஊற்றுகிறவர்கள் உண்டு, அதுவும் கூடாது. வெயிலில் உலர்த்திக் குப்பையோடு போடுவதுதான் பாதுகாப்பு.

இந்த அளவில் இரண்டும் ஒத்துப்போகின்றன. ஆனால் உயிரைக்கொண்டு உயிரைக் கட்டுவது என்ற இடத்தில் குளம் தொட்டியைவிட முன்னே நிற்கிறது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் நம் ஊரில் பலரும் இந்தக் கதையைக் கேள்விப்படவேயில்லை.

சல்வீனியாவை உண்ணும் பூச்சியைத் தேடியவர்கள் முதலில் தவறான இடத்தில் தேடினார்கள். உலகமெங்கும் பரவிய செடியை ஓரிக்குலேட்டா என்ற வேறொரு இனம் என்று எண்ணி, அந்த இனத்தில் வாழும் வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள், பயன் கிட்டவில்லை. மிட்செல் என்ற தாவரவியலாளர் 1972இல் இது தனி இனம் என்று பிரித்து மொலெஸ்டா என்று பெயரிட்டார். அதன் தாயகத்தை பிரேசிலில் கண்டுபிடித்து, அங்கே அதையே தின்று வாழும் இரண்டு மில்லிமீற்றர் அளவான கூன்வண்டைக் கொண்டுவந்த பிறகுதான் கதை மாறியது. 1980இல் அவுஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் அதை விட்டார்கள். ஓராண்டு அளவில் ஏறத்தாழ 200 ஹெக்டயர் செடி கறுத்து மூழ்கியது. பப்புவா நியூகினியின் செபிக் ஆற்றிலும் கேரளத்தின் வாய்க்கால்களிலும் அதே வண்டு வேலை செய்தது. இலங்கைக்கு 1986இல், அவுஸ்திரேலிய உதவியோடு வந்தது. அந்த முயற்சியின் வரவு செலவை ஆராய்ந்து 1989இல் வெளியான மதிப்பீடு, செலவான ஒவ்வொரு ரூபாய்க்கும் 53 ரூபாய் நன்மை கிடைத்ததாகக் கணக்கிட்டது. நாட்டில் எந்த அபிவிருத்தித் திட்டம் இப்படித் திருப்பித் தந்திருக்கிறது?

வண்டின் வேலை முறையைச் சொல்ல வேண்டும். வளர்ந்த வண்டு நுனிமொட்டைத் தின்கிறது. புழு தண்டுக்குள் துளைத்துப் போகிறது. செடி எங்கிருந்து கிளைக்கிறதோ அந்த இடத்தையே அது பிடிக்கிறது. பெக்கோவால் செய்ய முடியாததை அது செய்கிறது: துண்டு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதன் மொட்டைத் தேடிப் போகிறது.

கிரீன் ஸ்டார் பொலிப்புக்கு இப்படி நம்பக்கூடிய எதிரி தொட்டிக்காரர் கையில் இல்லை. தொட்டியில் தொல்லை தரும் ஐப்டேசியா என்ற சிறு கடற்சாமந்திக்கு மட்டும் பெர்கியா என்ற ஓடில்லா நத்தை உண்டு. அது ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்பதில்லை. இரை தீர்ந்தால் பட்டினியால் இறந்துபோகும். அது சல்வீனியா வண்டின் கடல்வழித் தம்பி என்று சொல்லலாம். மென்பவளம் தின்னும் கடல்நத்தைகளும் இருக்கின்றன. ஆனால் எந்த மென்பவளத்தைத் தின்னும் என்று உறுதிசொல்ல முடியாத ஒன்றைத் தொட்டியில் விடுவது, விரும்பி வளர்ப்பதையும் சேர்த்துப் பணயம் வைப்பதாகும். எனவே தொட்டியில் நம்பிக்கை வைக்கக்கூடியது இடைவெளி ஒன்றுதான். படரும் இனத்தை மற்றப் பாறைகளோடு தொடாத தனிக்கல்லில் வைத்து, சுற்றிலும் வெறும் மணலாக விட்டுவிட வேண்டும். கிரீன் ஸ்டார் பொலிப் மணலின் மேல் ஊர்ந்து போக விரும்பாது. பிடிக்க உறுதியான பரப்பு வேண்டும். ஸெனியாவுக்கு அந்த இடைவெளி இன்னும் அகலமாக இருக்க வேண்டும், ஏனெனில் அது சாய்ந்தும் மிதந்தும் போகும்.

சத்துப் பற்றி இங்கே ஒரு முரணைக் குறிப்பிட வேண்டும். மீனுக்கு அதிகமாகத் தீன் போட்டால் நைத்திரேற்றும் பொசுபேற்றும் கூடி ஸெனியா செழிக்கும். ஆகவே தீனைக் குறை, நீரை மாற்று என்பதே தொட்டிக்காரரின் முதல் அறிவுரை. குளத்திலும் அப்படித்தான் என்று நினைக்கிறோம். வயலிலிருந்து வடியும் யூரியாவும், நகர வடிகால் கொண்டுவரும் கழிவுநீரும் செடியைக் கொழுக்க வைக்கின்றன என்பது உண்மை. ஆனால் செபிக்கில் நடந்ததைப் பாருங்கள். அங்கே வண்டு முதலில் பெருகவில்லை. செடியில் நைதரசன் போதாமல் வண்டுக்கு ஊட்டம் கிடைக்கவில்லை. ஆய்வாளர்கள் சிறு பகுதியில் யூரியா இட்டுச் செடியைத் தேற்றினார்கள்; வண்டு பெருகியது; பிறகு அதன் பெருக்கமே போதுமானதாயிற்று. எதிரியை ஊட்டி வளர்த்து, அதன் எதிரியைப் பெருக வைத்தார்கள். இப்படி ஒரு வழி தொட்டியில் கிடையாது. உண்ணும் உயிர் இல்லாத இடத்தில் ஊட்டம் படர்வதற்கு மட்டும்தான் உதவும்.

மருந்து பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் இரண்டிடத்திலும் என் முடிவு ஒன்றே. நாய்க்குக் கொடுக்கும் பூச்சி மருந்தான பென்பென்டசோலைத் தொட்டியில் போட்டால் மென்பவளங்கள் சாகும். கூடவே நத்தைகளும் புழுக்களும் சாகும். பாறையில் அது நெடுநாள் தங்கும். சுண்ணாம்புப் பசையை ஊசியால் ஒவ்வொரு பாதத்திலும் வைப்பது ஸெனியாவின் சிறு கூட்டங்களுக்கு உதவும்; பெரும் படர்ச்சிக்கு உதவாது. குளத்தில் பரகுவாட் அடித்த காலம் ஒன்று உண்டு. 2008க்கும் 2011க்கும் இடையில் அந்த மருந்தே படிப்படியாக நம் நாட்டில் நிறுத்தப்பட்டது. குளத்தோரக் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பவர்கள் நாங்கள். சிறுநீரக நோய் வவுனியாவில் எத்தனை வீட்டை உலுக்கியிருக்கிறது என்பது ஊரறிந்தது. குளத்தில் மருந்து அடிக்கும் பேச்சையே எடுக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

தொட்டிக்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. படரும் பவளங்களில் பலிதோவா, சோஅந்தஸ் வகைகளும் உண்டு. அவற்றில் சிலவற்றில் பாலிடொக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. ஹவாயில் எடுத்த பலிதோவாவிலிருந்து 1971இல் அது பிரித்தெடுக்கப்பட்டது. 2018இல் இங்கிலாந்தின் ஒக்ஸ்போட்சயரில், தொட்டிப் பவளத்தைச் சுத்தம் செய்தபோது கிளம்பிய நஞ்சால் ஒரே குடும்பத்தவர் ஆறுபேர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. அந்தப் பாறையைக் கொதிநீரில் போடாதீர்கள். காய்ந்த தூரிகையால் தேய்க்காதீர்கள். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். சல்வீனியா வாருகிறவருக்கு இந்த ஆபத்து இல்லை, அட்டையும் பாம்பும்தான்.

இரண்டுக்கும் இடையிலுள்ள மிகப் பெரிய வேறுபாடு செடியிலோ பவளத்திலோ இல்லை; முடிவெடுப்பவரில் இருக்கிறது. தொட்டிக்கு ஒரே உரிமையாளன். அவன் மோட்டரை நிறுத்தலாம், கல்லை எடுக்கலாம், நாளைக்குச் செய்யலாம். குளத்துக்கு எத்தனை பேர்! பெரிய குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு. சிறு குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. தண்ணீர் விடும் நாளைக் கமக்காரர் அமைப்பு கூட்டத்தில் தீர்மானிக்கும். நகரத்துக்குள் வந்தால் மாநகரசபை. மீன்பிடிப்பவருக்குத் தனிச் சங்கம். யப்பான் மீனுக்கு வலை போடுகிறவருக்கு நாள்தோறும் செடி தொல்லை. வயல்காரருக்கு வாய்க்கால் அடைக்கும்போது மட்டும் தொல்லை. நகரவாசிக்குப் பார்வைக்கு அழகில்லை என்பதுதான் தொல்லை. வலைக்காரர் அள்ளி ஒதுக்கிய செடியை துருசு திறந்த நாளில் தண்ணீர் வாய்க்காலுக்குக் கொண்டுபோகும்.

அதோடு, வன்னியின் குளங்கள் தனித்தனியாக இல்லை. ஒன்றின் வான் பாய்ந்த நீர் அடுத்ததன் நீரேந்து பகுதிக்குப் போகிறது; இப்படிக் கோத்துக் கோத்துத்தான் நம் முன்னோர் கட்டினார்கள். கனகராயன் ஆறு போகும் வழியில் சேர்ந்ததெல்லாம் இரணைமடுவுக்கு வருகிறது. அலையடிக்கும் இரணைமடுவின் நடுநீரில் சல்வீனியா நிலைப்பது கடினம். ஒதுக்குப்புறங்களும் நகரத்துச் சிறு குளங்களும்தான் அதற்கு வசதி. ஆகவே கீழ்க்குளத்தை முதலில் துப்புரவாக்கி மேற்குளத்தை அப்படியே விட்டால், உழைப்பு ஒரு மாரியோடு கரைந்துவிடும். மேற்குளத்திலிருந்து தொடங்கி இறங்க வேண்டும். வான் பாயும் வாயிலும் நீர் வந்து சேரும் வாயிலும் மிதவைக் கயிறு கட்டி, துண்டுகள் தேங்கும் இடத்தில் அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டியில் மணல் செய்யும் வேலையைக் குளத்தில் அந்தக் கயிறு செய்யும்.

எல்லையை முதலில் அடைத்து வென்றவர்கள் உண்டு. மீன்தொட்டிகளில் வளர்த்த கோலர்ப்பா டக்சிபோலியா என்ற பாசி 1984இல் மொனாக்கோவின் கடலில் சிறு திட்டாகக் காணப்பட்டது. அப்போது யாரும் கைவைக்கவில்லை. மத்தியதரைக் கடலின் பல நாட்டுக் கரைகளுக்கு அது போய்விட்டது. அதே பாசி 2000ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ஒரு களப்பில் தெரிந்தபோது உடனே விரிப்பால் மூடி, ஓரங்களை அமுக்கி, உள்ளே குளோரின் விட்டார்கள். 70 இலட்சம் டொலருக்கு மேல் செலவாயிற்று. 2006இல் அது முற்றாக ஒழிந்ததாக அறிவித்தார்கள். மாறாக வெனிசுவேலாவில், தொட்டி வணிகத்துக்காகக் கடலில் நட்டு வளர்த்த ஸெனியா குடும்பத்துப் பவளமொன்று, யூனோமியா என்பது அதன் பெயர், 2000களிலிருந்து மொச்சிமா தேசியப் பூங்காவின் கடலடியைப் பிடித்துக்கொண்டு பரவுகிறது. இந்து-பசிபிக் கடலின் பிறவி அது. நம் தொடுகடலிலேயே ஒரு பாடம் கிடக்கிறது. வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைக்கஸ் என்ற பாசி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் உயிருள்ள முருகைக்கல்லை மூடியதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அதுவும் துண்டில் பிழைப்பதுதான். கையால் அகற்றும் வேலை அங்கே திரும்பத் திரும்ப நடக்கிறது.

இத்தனையையும் அருகருகே வைத்துப் பார்த்தபின் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். முற்றாக ஒழிக்க வேண்டும் என்ற குறிக்கோளே இரண்டிடத்திலும் நம்மை ஏமாற்றுகிறது. தொட்டியில் கிரீன் ஸ்டார் பொலிப்பை ஒழிப்பது பாறையை ஒழிப்பதாகவே முடியும். அதைத் தனிக்கல்லில் நிறுத்தினால் அதைவிட அழகான பச்சை வேறெங்கும் கிடைக்காது. மருமகன் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறான். மணலில் தனியே ஒரு கல், மாதமொருமுறை அதன் ஓரத்தைச் சவர அலகால் நறுக்கிவிடுகிறான்.

குளத்தில் மிச்சம் வைக்கக் காரணம் அழகல்ல, வண்டு. பெக்கோவால் கடைசித் துண்டுவரை அள்ளும்போது, செடியோடு வண்டையும் அள்ளிக் கரையில் போடுகிறோம். குளம் வற்றினாலும் செடியோடு வண்டு மாய்கிறது. அடுத்த மாரியில் எங்கிருந்தோ ஒரு துண்டு வரும். அதைத் தின்ன வண்டு வராது. செடி வேகமாகவும் வண்டு மெதுவாகவும் இடம்பெயர்வதுதான் இதன் சிக்கல். ஒவ்வொரு மாரியிலும் செடி ஒரு தலைமுறை முந்திவிடுகிறது. அந்த இடைவெளியைக் குறைக்க வண்டு பிடித்த செடியைக் கையோடு கொண்டுபோய்ப் புதுத் திட்டில் போட வேண்டும். உலகமெங்கும் அதைப் பரப்பிய வழியும் அதுதான்.

இதற்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. கமநல சேவை நிலையம் ஒவ்வொன்றின் முற்றத்திலும் ஒரு சீமெந்துத் தொட்டி, நிழலும் வெயிலும் கலந்த இடத்தில், வலைபோட்டு மூடி. அதற்குள் பழுப்பேறிய, மொட்டுத் தின்னப்பட்ட சல்வீனியா. கோடையிலும் வற்றாமல் நீர். செடி வெளுத்தால் ஒரு பிடி யூரியா. ஐப்பசியில் மழை இறங்கி மேற்குளங்களில் முதல் பச்சைத் திட்டுத் தெரிந்தவுடன், அந்தத் தொட்டியிலிருந்து இரண்டு மூன்று உரப்பை செடியை அள்ளிக்கொண்டுபோய், திட்டின் நடுவில், வான் பாயும் பக்கமாக அல்ல, காற்றடிக்காத ஒதுக்குப்புறத்தில் போட வேண்டும். வண்டு போட்ட திட்டைச் சுற்றி மிதவைக் கயிறு கட்டி, அதற்கு வெளியே உள்ளதை மட்டும் சிரமதானத்தில் வாரலாம். கயிற்றுக்கு உள்ளே இருப்பதை அடுத்த கோடைவரை யாரும் தொடக்கூடாது. கமக்காரர் அமைப்பின் காலபோகக் கூட்டத்தில், தண்ணீர் திறக்கும் நாளைத் தீர்மானிக்கும்போதே இதையும் ஒரு தீர்மானமாக எழுதிக்கொள்ளலாம்: எந்தக் குளத்தில், எந்த மூலையில், யார் பொறுப்பில் அந்தத் திட்டு என்று.